அலைவரிசை உரிமையும் பல்கலைக்கழக ஒலி, ஒளிபரப்பும்: தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

பல்கலைக்கழகம் ஒன்று தானே உரிமம் பெற்றுத் தன் வட்டாரத்து மக்களுக்காக நடத்தும் தரைவழித் தொலைக்காட்சி நிலையம் தமிழகத்தில் தோன்றவில்லை. தயாரிப்புத் திறன் இல்லாமை இதற்குக் காரணமன்று; நிகழ்ச்சியை ஆக்கியவரிடம் அலைவரிசை இருக்கவில்லை. இவ்வேறுபாட்டையும், அதன் விளைவாகக் கிண்டி முதல் காட்டாங்கொளத்தூர் வரையிலான பகுதியில் வளாக வானொலி பெற்ற இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டிலேயே 242 தொலைக்காட்சி அலைவரிசைகள் வணிகநோக்கற்ற கல்விப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மே 25 அன்று ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கே.யு.எச்.டி. நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒதுக்கீடு முன்னதாகவும் நிலையம் பின்னதாகவும் அமைந்த இவ்வரிசைமுறை நோக்கத்தக்கது.

இந்தியாவில் அத்தகைய ஒதுக்கீடு நிகழவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று ‘நாடு தழுவிய வகுப்பறை’ ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் வழியாகத் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நிறுவப்பட்ட தயாரிப்பு மையங்கள் அதன் வலையமைப்பில் இடம்பெற்றன. படப்பிடிப்புக் கூடமும் கருவிகளும் பேராசிரியர்களும் இங்கு இருந்தனர்; ஒளிபரப்பு நேரமோ தேசியப் பொதுவானது, மொழியும் பெரும்பாலும் ஆங்கிலம். கிண்டியில் உருவான நிகழ்ச்சியும் நாடு முழுவதற்குமான நிகழ்ச்சியாகவே கருதப்பட்டது. பல்லாவரத்து ஏரியையோ தாம்பரத்துக் குடிநீரையோ பேசுவதற்கு அக்கட்டமைப்பில் இடம் அரிது.

வான்அலைகள் பொதுச்சொத்து என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழாண்டுகள் கழித்து, 2002 டிசம்பரில், கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசு இசைந்தது. தொலைக்காட்சிக்கு அவ்வாய்ப்பு நீட்டிக்கப்படவில்லை. இவ்வழியில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கப்பட்ட அண்ணா எஃப்.எம். (90.4) நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகும். பல்கலைக்கழகத்தின் குரல் அதன் அண்டை வீட்டாரை நேரே சென்றடைந்தது இங்குதான் எனலாம். வளாகத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் பெண்கள் கேட்போராக மட்டும் நின்றுவிடாமல், அறிவியல், உடல்நல நிகழ்ச்சிகளின் ஆக்கத்திலும் பங்கேற்றனர். முந்தைய இருபதாண்டுக் கல்வி ஒளிபரப்பு எட்டாத நிலை இது. மிகக் குறைந்த திறனுள்ள ஒலிபரப்பியால் எட்டப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

அக்குறைந்த திறனே எல்லையும் ஆகிறது. 2006ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் 100 வாட் திறனையும் 5 முதல் 10 கி.மீ. வரையிலான பரப்பையும் கருத்தில் கொண்டவை. வடக்கே கிண்டியில் அண்ணா எஃப்.எம்., தெற்கே காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் ‘முத்துச்சரம்’. இவற்றிற்கு இடையில், இரு நிலையங்களின் வரம்பும் தேய்ந்து மெலியும் பகுதியில் தாம்பரம் அமைகிறது. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் இணைத்து மாநகராட்சியான பெருநகரம் அது.

பரப்பைவிட உள்ளடக்கக் கட்டுப்பாடே கடுமையானது. அதே நெறிகள் செய்திக்கும் நடப்பு நிகழ்வுகளுக்கும் தடை விதித்தன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது, எந்தத் தெருவில் நீர் ஏறுகிறது, எந்த ஏரி நிரம்பி வழிகிறது என்பனவே மக்களின் முதற்கேள்விகள். அவை செய்தியா, வட்டாரத் தகவலா? உரிமம் வழங்கும் அமைச்சகத்தின் வகைப்பாட்டிற்கும் வெள்ளத்தில் நிற்பவரின் தேவைக்கும் உள்ள இடைவெளி இக்கேள்வியில் வெளிப்படுகிறது.