ரசீதைப் படியுங்கள், பிறகு பணம் கட்டுங்கள்

களியக்காவிளைச் சந்தையிலிருந்து வாழைக்குலை ஏற்றிய ஆட்டோ வருகிறது. பாறசாலை தாண்டியதும் கை காட்டி நிறுத்துகிறார்கள். "ஐநூறு ரூபாய் எடு" என்கிறார்கள். எதற்கு என்று கேட்க வாய் வருவதில்லை. பணத்தைக் கொடுக்கிறோம். வண்டியை எடுக்கிறோம். வீடு வந்த பிறகுதான் மனசு ஆறாமல் கிடக்கிறது.

ஐநூறு ரூபாய் சின்னத் தொகையா? 2025-ல் கேரளத்தில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 369 ரூபாய். ஒரு நாள் கூலி போய், அதற்கு மேலும் போகிறது.

தப்பு செய்தால் அபராதம் கட்டத்தான் வேண்டும். ஹெல்மெட் தலையைக் காக்கத்தான் இருக்கிறது. நாம் பேசப்போவது செய்யாத தப்புக்கு வாங்கிய பணத்தைப் பற்றி. அதிகாரம் இல்லாதவர் வாங்கிய பணத்தைப் பற்றியும்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலையில் வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்கும் அதிகாரம் சீருடை அணிந்த போலீசாருக்கு உண்டு. மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும் உண்டு. பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. ஹெல்மெட் போடாததற்கோ லைசென்ஸ் இல்லாததற்கோ பஞ்சாயத்து ஆள் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சந்தையில் கடை போடவும், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் பஞ்சாயத்து பணம் வாங்கலாம். அது கட்டணம். அதற்கும் தீர்மானம் வேண்டும், தொகை வேண்டும், அச்சடித்த ரசீது வேண்டும். ஏலம் எடுத்தவர் தன் இஷ்டத்துக்கு ஒரு தொகையைச் சொல்லி அதை அபராதம் என்று வாங்க முடியாது.

அடுத்து, தொகை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் என்று 2019-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. கேரள அரசு அதே ஆண்டு அதை 500 ரூபாயாகக் குறைத்தது. தமிழ்நாடு 2022-ல் 1,000 ரூபாய் என்றே அமல்படுத்தியது. இஞ்சிவிளையில் பிடித்தால் ஒரு தொகை, களியக்காவிளையில் பிடித்தால் இரண்டு மடங்கு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆகவே "அவருக்கு ஐநூறு, எனக்கு ஆயிரமா?" என்று சண்டை போடும் முன், எந்த மாநிலம் என்று பாருங்கள்.

இனி ரசீதைப் படிப்போம். நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது இதற்கும்தான். வண்டி எண், தேதி, நேரம், இடம், தொகை, என்ன குற்றம், எந்தப் பிரிவு. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள். அவசரம் வேண்டாம்.

படித்தால் என்ன கிடைக்கும்? 2022-ல் கொச்சிப் பக்கம் ஒரு இளைஞர் பைக்கில் போனார். ஒருவழிச் சாலையில் எதிர்த் திசையில் வந்தார் என்று 250 ரூபாய் அபராதம் போட்டார்கள். அவர் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ரசீதைப் படித்தார். "போதிய எரிபொருள் இல்லாமல் பயணிகளை ஏற்றி ஓட்டியது" என்று அதில் இருந்தது! அது வாடகை வண்டிகளுக்கான குற்றம். தவறான பிரிவைப் பதிவு செய்துவிட்டார்கள். அதே ஆண்டு மலப்புறம் மாவட்டத்தில் ஒருவருக்குப் புகைச் சான்றிதழ் இல்லை என்று 250 ரூபாய் போட்டார்கள். அவர் ஓட்டியது மின்சார ஸ்கூட்டர். மின்சார வண்டியில் புகை எங்கே இருக்கிறது? இரண்டு செய்தியும் நாடு முழுக்கப் பரவின. ரசீதை எடுத்து வாசித்ததால்தான் இரண்டும் வெளியே வந்தன.

இப்போது ஆள் நிறுத்தாமலே அபராதம் வருகிறது. 2023 ஜூன் 5 முதல் கேரளத்தில் கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். மாநிலம் முழுவதும் 726 கேமராக்கள் என்று அரசு அறிவித்தது. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு நோட்டீஸ் வரும், செல்போனுக்குச் செய்தியும் வரும்.

நம் பக்கத்து வண்டிகள் கே.எல். 19, கே.எல். 20. அந்தப் பக்கத்து வண்டிகள் டி.என். 74, டி.என். 75. எண் பலகையில் ஓர் எழுத்து மங்கியிருந்தால் போதும், ஒருவர் செய்த தப்பு இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டும். கேமரா நோட்டீசில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு விதி வகுத்தது. குற்றமும் எண் பலகையும் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும். இடம், நாள், நேரம், சட்டப் பிரிவு வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது.

படத்தை உற்றுப் பாருங்கள். அது உங்கள் வண்டியா? நிறம் சரியா? உங்களுடையது ஸ்கூட்டர், படத்தில் இருப்பது பைக் என்றால் அதுவே போதிய ஆதாரம். அன்று வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததா? அந்தப் பில்லைத் தேடி எடுங்கள். வண்டியை மார்த்தாண்டத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டீர்கள், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறவில்லை என்றால் சிக்கல்தான். சட்டத்தின் கண்ணில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர். விற்ற அன்றே பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் வழி.

மிக முக்கியமான செய்தி இனிதான் வருகிறது. "முதலில் கட்டிவிடு, பிறகு கேட்டு வாங்கலாம்" என்று பலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவின்படி அந்த இடத்திலேயே பணம் கட்டினால், வழக்கை அதோடு முடித்துக்கொண்டீர்கள் என்று பொருள். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். ஆனால் பிறகு "நான் செய்யவில்லை" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பி வாங்குவது மிகக் கடினம். தப்பு செய்யவில்லை என்றால் கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

"சார், நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சலான் எழுதிக் கொடுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்." இப்படிப் பணிவாகச் சொல்லலாம். குரலை உயர்த்த வேண்டாம். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கும் ரசீது கேளுங்கள். லைசென்சும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில், அதாவது அரசின் செல்போன் பெட்டகத்தில், இருந்தால் அதைக் காட்டினாலும் செல்லும். ரசீது தராமல் பணம் மட்டும் கேட்டால் அது அபராதம் அல்ல, லஞ்சம். கேரள விஜிலென்ஸ் துறைக்கு 1064 என்ற எண்ணில் சொல்லலாம்.

கேமரா நோட்டீஸ் என்றால், அதை அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். பரிவாகன் இணையதளத்திலும் புகார் பதியலாம், அக்ஷயா மையத்தில் செய்து தருவார்கள். நோட்டீசில் போட்ட கெடு தாண்டக் கூடாது.  தமிழ்நாட்டு வண்டியாக இருந்தாலும் கேரளத்தில் போட்ட அபராதத்துக்குக் கேரளத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, பணம் போய்விட்டது. திரும்ப வருமா? சில சமயம் வரும். ஒரே சலானுக்கு இரண்டு முறை கட்டியிருந்தால் கேட்கலாம். அதிகாரமே இல்லாதவர் வாங்கியிருந்தால் கேட்கலாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது: தவறுதலாகவோ வற்புறுத்தியோ பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இது அரசுக்கும் பொருந்துமா? காசியில் தங்கம் வெள்ளி வியாபாரம் செய்த ஒரு நிறுவனம், கட்ட வேண்டாத விற்பனை வரியைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டது. கொடுக்கத்தான் வேண்டும் என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

பணம் யாரிடம் போனதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். போலீஸ் போட்ட அபராதத்துக்குப் பஞ்சாயத்தில் போய் நின்றால் பயன் இல்லை. பஞ்சாயத்து வாங்கியது என்றால் இப்படி எழுதலாம்:

"பெறுநர்: செயலாளர், ........ கிராமப் பஞ்சாயத்து.
ஐயா, ........ தேதி காலை ........ மணிக்குச் சந்தைச் சாலையில் நின்ற என் ஆட்டோவுக்கு (எண் ........) அபராதம் என்று ........ ரூபாய் வாங்கினார்கள். ரசீது எண் ......... எந்தச் சட்டப்படி, எந்தத் தீர்மானப்படி வாங்கினார்கள் என்று ரசீதில் இல்லை. அதைத் தெரிவிக்கவும். அப்படி ஒன்று இல்லை என்றால் என் பணத்தைத் திருப்பித் தரவும். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.
கையொப்பம், முகவரி, தேதி."

மலையாளத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். எழுதத் தெரிந்தவரிடம் எழுதி வாங்குங்கள், கையெழுத்தை மட்டும் நீங்களே போடுங்கள். மூல ரசீதைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டித் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்படி ஒரு தீர்மானமே இல்லை என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் சாட்சி. அதை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். பஞ்சாயத்து, நகரசபை பற்றிய புகார்களை விசாரிக்கவே உள்ள அமைப்பு அது. பாறசாலையிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம்.

கோர்ட் வரை போக வேண்டி வந்தால் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. தாலுகா சட்டப் பணிக் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். போகும்போது நோட்டீஸ், ரசீது, முத்திரை வாங்கிய பிரதி மூன்றையும் எடுத்துப் போங்கள்.