கலைச்சொல் பிறக்கும் இடம்

துறைசார்ந்த சொற்களைத் தமிழாக்க அகராதி மட்டும் போதாது. மயிலாப்பூரில் மின்சாரம் நின்றால் ‘பவர் போயிடுச்சு’ என்பார்கள், தி. நகர் மூக்குக்கண்ணாடிக் கடையில் ‘பவர் கூடியிருக்கு’ என்பார்கள். அதே பவர் இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு, அரசியலில் அதிகாரம். விசை, ஆற்றல், திறன் மூன்றையும் பேச்சில் ‘சக்தி’ என்றே சொல்லிவிடலாம். ஆனால் விசையை நியூட்டனிலும், ஆற்றலை ஜூலிலும், திறனை வாட்டிலும் அளக்கிறார்கள். இவற்றைக் கலந்து எழுதினால் மாணவனுக்குக் கணக்கே தப்பிவிடும். துறை அறிவும் மொழி அறிவும் ஒன்றுசேராமல் நல்ல கலைச்சொல் பிறப்பதில்லை.

இந்த வேலையில் யாழ்ப்பாணம் முந்திக்கொண்டது. 1847இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடநூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வந்த வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர். தேவைப்பட்ட இடத்தில் அயல்சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவித்து எடுத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை. கையில் நோயாளியையும் எதிரில் மாணவனையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

சென்னையில் 1936இல் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்த அடிகள் தலைமை வகித்தார். அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். கொழும்பில் அறிவியல் படித்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் துறவு ஏற்றவர். வேதியியலும் இலக்கணமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. வடமொழி வேர்களா, தமிழ் வேர்களா என்ற வழக்கு அப்போது சூடாக நடந்தது. மாநாட்டுக் குழுக்களின் உழைப்பு 1938இல் கலைச்சொல் தொகுப்பாக அச்சேறியது.

பட்டியலில் உள்ள சொல்லுக்கு உண்மையான சோதனை கட்டுரையில்தான். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் துறை வல்லுநர்கள் எழுதினார்கள். தனியே பார்க்க அழகாக இருக்கும் சொல், நான்கு வேற்றுமை உருபு ஏற்றதும் வாயில் சிக்கும். வினையாக்க முடியாமல் முரண்டும். எழுதிப் பார்த்தால்தான் இது தெரியும்.

இன்று சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள அகரமுதலி இயக்ககமும், அடையாற்றை ஒட்டிய கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கலைச்சொற்களைத் திரட்டி இணையத்தில் தருகின்றன. ஒரே பொருளுக்கு மூன்று நான்கு சொற்கள் கிடைப்பது வளமாகத் தோன்றினாலும் பாடநூலுக்கு அது இடைஞ்சல். ஒன்றைத் தேர்ந்து கடைசிப் பக்கம் வரை அதையே ஆள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, இந்தத் தேர்வு வகுப்பறையின் அன்றாட வேலையாயிற்று.