ஒலிபெருக்கியில் எழும் உறுமல்

பேஸ் கிட்டார், பாட்டின் அடித்தளத்தைத் தாங்கி நிற்கும் கருவி. அதனை வாசிப்பவர் தந்தியில் கை வையாத வேளையிலும் அதன் ஒலிபெருக்கி "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டிருக்குமாயின், சுருதி சேராத தம்புராவைப்போல் அது கச்சேரி முழுவதையும் கெடுத்துவிடும். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் கூடிப் பொங்கல் விழாவுக்கு மெல்லிசை மேடை அமைக்கும்போது, ஒருநாள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் மின்னிணைப்பு எத்தகையது என்பதை முன்கூட்டி அறிவது அரிது. ஆகையால், இவ்வுறுமலின் காரணத்தை முறையாகத் தேடும் வழியைத் தெரிந்துகொள்வது நலம்.

பேஸ் கிட்டாருக்கு இத்தொல்லை மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்வது. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளோ ஏறத்தாழ 41, 55, 73, 98 அதிர்வுகள் உடையவை. மின்சாரத்தின் உறுமலும் கருவியின் நாதமும் ஒரே எல்லைக்குள் அடங்குவதால், தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் திருகைத் திருப்பினால் உறுமலோடு நாதமும் போய்விடும். எனவே மூலத்தைத் தேடுவதே உபாயம்.

முதலில் ஒலியின் இயல்பை அறிதல் வேண்டும். தாழ்ந்து ஒலிப்பது உறுமல். வண்டு முரல்வதைப்போன்றது ரீங்காரம். "உஸ்" என்பது சீறல். திருகைத் திருப்புகையில் எழுவது கரகரப்பு. கரகரப்புக்குப் பெரும்பாலும் திருகினுள் படிந்த தூசியே காரணம்; அதற்கென விற்கும் துப்புரவுத் திரவத்தால் அது நீங்கும். சீறல் ஓரளவு எல்லா ஒலிபெருக்கிகளிலும் இருப்பதே. ஆராய வேண்டியவை மற்ற இரண்டும்.

முதற் சோதனையாக, கிட்டாரின் கம்பியை ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிவிடுக. உறுமல் நின்றுவிட்டால், குற்றம் கிட்டாரிலோ, கம்பியிலோ, சூழலிலோ உள்ளது. நிற்கவில்லையாயின், ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருக. அப்போது மறைந்தால், கோளாறு ஒலியளவுத் திருகுக்கு முந்திய பகுதியில் இருக்கும். அப்போதும் நீடித்தால், அதற்குப் பிந்திய பகுதியிலோ மின்வழங்கும் பகுதியிலோ இருக்கும்.

இரண்டாவது சோதனைக்குச் செவியே கருவி. மிக மெல்லிய தந்தியை அழுத்தாமல் மீட்டி, உறுமலோடு ஒப்பிடுக. உறுமல் ஏறக்குறைய அதே சுருதியில் இருந்தால் அது 100 அதிர்வு. மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளும் ஒரே திசைக்குத் திருப்பப்படுவதால் 50 என்பது 100 ஆகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் பெரிய மின்தேக்கிகள் முதுமையால் உலர்ந்து வலிவிழந்தால் அது வெளியே கேட்கும். உறுமல் ஒரு ஸ்தாயி தாழ்ந்திருந்தால் அது 50 அதிர்வு. வெளியிலிருந்து புகுந்ததாகவோ நிலத்தொடர்பைப் பற்றியதாகவோ இருத்தல் கூடும்.

கிட்டாரின் பக்கம் குற்றமாயின், வேறொரு கம்பியை மாற்றிப் பார்க்க. பின்னர் கருவியுடன் மெல்லத் திரும்பி நிற்க. திசைக்கேற்ப உறுமல் கூடிக் குறைந்தால், அருகிலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலத்தைப் பிக்கப் சுருள் ஏற்கின்றது. சற்று விலகி நிற்பதே மருந்து. எதிரெதிராக இணைந்த இரு சுருள்கள் இந்த உறுமலை ஒன்றையொன்று அழிக்கும். 1957-ஆம் ஆண்டு முதல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் அமைந்த இரட்டைத் துண்டுப் பிக்கப் இத்தத்துவத்தைச் சார்ந்ததே. தந்தியைத் தொட்டவுடன் ரீங்காரம் தணிந்தால், கருவியின் உள்ளே உலோகக் காப்புறை போதவில்லை என்று கொள்க. விளக்கொளியைக் குறைக்கும் சாதனங்களும் ரீங்காரத்துக்குக் காரணமாவதுண்டு.

தனித்து அமைதியாக இருந்த ஒலிபெருக்கி, மண்டபத்து மிக்ஸருடன் இணைத்ததும் உறுமத் தொடங்கினால், இரு கருவிகளும் இரு வழிகளில் நிலத்தொடர்பு பெற்று ஒரு வளையம் உண்டாகிவிட்டது என்பது பொருள். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்தல் நன்று. அல்லது இடையில் மின்மாற்றி அடங்கிய டி.ஐ. பெட்டி ஒன்றை வைத்து, அதிலுள்ள நிலத்தொடர்பு விலக்கும் விசையைப் பயன்படுத்தலாம். அது ஒலிக்கம்பியின் தொடர்பை மட்டுமே நீக்குவதால் அபாயம் இல்லை.

ஆயின் மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்தோ, எர்த் கம்பியைக் கழற்றியோ உறுமலை நிறுத்துவது ஒருபோதும் கூடாது. உள்ளே 230 வோல்ட் மின்சாரம் உலோகப் பெட்டியில் கசிந்தால், அதனைப் பூமிக்குக் கொண்டுசெல்லும் வழி அதுவே. அவ்வழி அடைபட்டால், தந்திகளைப் பிடித்திருக்கும் கையும் மைக்கைத் தொடும் உதடும் மின்சாரத்தின் பாதையாகிவிடும். 1972-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், நிலத்தொடர்பு சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர் மேடையிலேயே உயிர் துறந்தார். தந்தியைத் தொடும்போது சிறிது "சுருக்"கென்றாலும் உடனே விசையை நிறுத்தி, மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சோதிப்பிக்க வேண்டும்.

ஒலிபெருக்கியைத் திறந்து பார்க்கும் ஆவலையும் அடக்குதல் நன்று. வால்வு ஒலிபெருக்கியின் மின்தேக்கிகள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருத்தல் கூடும். கம்பி, இடம், இணைப்பு ஆகியவற்றை நாமே சோதிக்கலாம். பெட்டியின் உட்புறத்தைப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவரிடம் "உறுமுகிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சோதனையில் நின்றது, எந்தச் சுருதியில் ஒலித்தது என்பதையும் எடுத்துரைத்தால், அவர் வேலையில் பாதி முடிந்ததாகும்.