தூண்டில் ஏடுகள் காட்டிய உண்மை: காவிரியின் திமில் மாசீர்

குளிர்நாடுகளின் ஆறுகளில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீன், இனப்பெருக்கக் காலத்தில் பிடிபடக் கூடாது என்பதற்காகத் தூண்டில் பருவம் அங்கே ஆறுதோறும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் அப்பருவம் அக்டோபர் 15-இல் முடிய, ட்வீட் ஆற்றில் நவம்பர் 30 வரை நீள்கிறது. சால்மன் வாழாத தென்னிந்தியாவில், தூண்டில் ஆர்வலரிடையே அதற்கு நிகரான பெயரைப் பெற்றது மாசீர் என்னும் பெருங்கெண்டை. அதன் புகழ்பெற்ற உறைவிடங்களுள் ஒன்று, தொழில்நகரமான ஓசூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடும் காவிரி.

மேக்கேதாட்டுவின் பாறை இடுக்கைக் கடந்த ஆறு, ராசிமணல், பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல் நோக்கி இறங்கும் இப்பகுதியில், ஒரு கரையில் கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயமும், மறுகரையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கி 2014-இல் தமிழ்நாடு அறிவித்த காவிரி வடக்கு சரணாலயமும் அமைந்துள்ளன. தமிழ்நாட்டுக்கு வரும் காவிரி நீரின் அளவைக் கணிக்கும் இடமாகவே பிலிகுண்டுலு செய்திகளில் அறியப்பட்டாலும், அதையொட்டிய பாறை மடுக்களும் விரைந்த நீரோட்டமும் மாசீருக்கு ஏற்ற வாழிடங்களாகும்.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மாசீர், சால்மனைப் போலக் கடலுக்குச் செல்வதில்லை; எனினும், பருவமழையால் ஆறு பெருகும்போது நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, உயிர்வளி மிகுந்த ஓடுநீரில் சரளைக் கற்களிடையே முட்டையிடும் இயல்பில் அதனை ஒத்திருக்கிறது. மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, வெள்ளம் வடியும் குளிர்காலமும் அதனை அடுத்த மாதங்களுமே இங்கே தூண்டில் பருவமாக அமைந்தன. அக்காலத்தில் ஆர்வலர்கள் பரிசலிலோ கரைப் பாறையிலோ இருந்து, இவ்வட்டாரத்தின் முதன்மைத் தானியமான கேழ்வரகின் மாவை வேகவைத்துப் பிசைந்த உருண்டையை இரையாகக் கோத்து வீசினர்.

சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூல், மாசீரைச் சால்மனோடு ஒப்பிட்டுப் பேசி, ஆங்கிலேயரின் ஆர்வத்தைத் தூண்டியது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் மைசூரின் வான் இன்ஜன் பிடித்த 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மாசீர், நெடுங்காலம் சாதனை அளவாகப் பேசப்பட்டது. பிற்காலத்தில் கர்நாடகக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே முதலிய இடங்களில் அமைந்த முகாம்களில், பிடித்த மீனை எடைபோட்டு மீண்டும் ஆற்றிலேயே விடும் வழக்கம் நிலைபெற்றதோடு, எந்த வகை மீன், எவ்வளவு எடை என்று ஏட்டில் பதியும் முறையும் உருவானது.

பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட இவ்வேடுகளே பின்னர் அறிவியல் சான்றாயின. காலிபோரேயில் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்கள் பிடிபட்ட மாசீர்களின் மொத்த எண்ணிக்கை உயர்ந்திருப்பதைக் கண்டனர்; ஆனால் அவ்வுயர்வு முழுவதும் நீலத்துடுப்பு மாசீரால் வந்தது. காவிரிக்கே உரிய திமில் மாசீரோ எண்ணிக்கையில் குறைந்ததுடன், அகப்பட்ட சிலவும் எடை மிகுந்தவையாக இருந்தன. முதிய மீன்கள் எஞ்ச, இளம் தலைமுறை பெருகவில்லை என்பதே இதன் பொருள். நீலத்துடுப்பு மீன், ஆற்றின் வளத்தைப் பெருக்கும் நன்னோக்கத்துடன், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவிலுள்ள பொரிப்பகத்திலிருந்து 1970-களில் தொடங்கி இங்கே கொணர்ந்து விடப்பட்டதாகும். அறிவியல் பெயர் உறுதிப்படாமலே நூற்றாண்டுக்கு மேல் புகழ்பெற்றிருந்த திமில் மாசீர், ‘டோர் ரெமாதேவியி’ என்னும் இனமே என்று 2018-இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்குரிய மிகக் கடுமையான பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனைச் சேர்த்தது.

வட அமெரிக்காவின் சால்மன் ஆறுகளிலும் பொரிப்பகக் குஞ்சுகள் பெருமளவில் விடப்பட்ட பின், இயற்கையில் பிறந்த மீன்களின் நிலையைத் தனியே கணக்கிட வேண்டிய தேவை உணரப்பட்டது. காவிரிக்கும் அதுவே பொருந்தும். பெங்களூரின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து, மேக்கேதாட்டுக்கு மேலே சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. வெடிவைத்து மீன் பிடிப்பதும், அணைகளால் நீரோட்டம் மாறுவதும் எஞ்சிய வாழிடத்தைச் சுருக்குகின்றன. புதுக் குஞ்சுகளை விடுவதால் இக்காரணங்கள் எவையும் நீங்குவதில்லை. மேலும், மீன்கள் மொத்தத்தில் பெருகுவதாகக் காட்டும் கணக்கு, நீங்காத காரணங்களை மறைத்தும்விடுகிறது. இரு மாநிலக் கரைகளும் ஒரே ஆற்றின் கரைகளாதலால், கழிவுநீரைத் தூய்மைப்படுத்துதல், மழைக்காலத்தில் மீன் ஏறும் வழியைக் காத்தல், இனவாரியாகக் கணக்கெடுத்தல் ஆகிய மூன்றையும் இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்தாலன்றித் திமில் மாசீர் மீளாது.