புயலைத் தாங்கும் ஓடுபாதை

உளுந்தூர்பேட்டையில் பழைய ஓடுபாதை ஒன்று இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டக்காரர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, பாதை மட்டும் மிஞ்சியது. அங்கே விமான நிலையம் வருமா என்ற பேச்சு ஊரில் அடிக்கடி எழும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: வந்தால், ஒரு பெரும்புயலை அது தாங்குமா? புயல் நாளில் நமக்கு உதவுமா?

ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அங்கேயே நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சென்னை விமான நிலையம் 30-ஆம் தேதி நண்பகலில் மூடப்பட்டு மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. நமக்குப் பெரிய அடி அதற்குப் பிறகு விழுந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட, திருக்கோவிலூர்ப் பக்கம் கரையோர ஊர்கள் தவித்தன. டிசம்பர் 2 அன்று அரசூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன. வடக்கே போகும் சாலையும் தண்டவாளமும் ஒரே நாளில் அடைபட்டுவிட்டன.

புயல் ஒரு விமான நிலையத்தை என்ன செய்யும் என்பதற்கு விசாகப்பட்டினத்தைப் பார்க்கலாம். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் அந்த நகரத்தின் மேலேயே கரையேறியது. காற்று மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புதான் திறந்திருந்த முனையக் கட்டடத்தின் கூரைத் தகடுகள் பிய்த்துக்கொண்டு போயின. உள்கூரை இடிந்து விழுந்தது, கண்ணாடிகள் நொறுங்கின, கருவிகள் பழுதாயின. ஆனால் ஓடுபாதை தப்பியது. அதனால்தான் கட்டடம் முழுதாகச் சீராகும்வரை காத்திராமல் 17-ஆம் தேதியே, குறைந்த எண்ணிக்கையிலாவது, பயணிகள் விமானங்களை மீண்டும் இயக்க முடிந்தது.  

பிறகு முனையத்தைச் சீரமைத்தார்கள், விமானங்கள் நிற்க இடம் கூட்டினார்கள். ஆனாலும் அந்த ஓடுபாதை கடற்படையின் ஐ.என்.எஸ். தேகா தளத்துக்குச் சொந்தமானது. பயணிகள் விமானங்கள் அதில் ஓரளவுக்கு மேல் பெருக முடியாது. அதனால் பக்கத்துப் போகாபுரத்தில் அல்லூரி சீதாராம ராஜு பெயரில் முற்றிலும் புதிய நிலையத்துக்கு 2023-இல் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கினார்கள்.

ஹுத்ஹுத் அனுபவத்திலிருந்து ஒன்று விளங்கும். காற்றுக்கு ஓடுபாதை அசையாது. அசைவது கூரை, கண்ணாடி, விளக்குக் கம்பங்கள், மின்சாரம். ஓடுபாதையின் எதிரி தண்ணீர். அதனால்தான் பாதையின் நடுவை மேடாக்கி இருபுறமும் சரிவு வைப்பார்கள். மேற்பரப்பில் குறுக்கே மெல்லிய கோடுகள் கீறுவார்கள். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றாலே பிரேக் பிடிக்காமல் விமானம் வழுக்கும். சரிவில் வழிந்த தண்ணீர் ஓர வடிகாலுக்குப் போகும். அந்த வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போய்ச் சேரும் ஏரியோ ஆறோ ஏற்கெனவே நிரம்பியிருந்தால், தண்ணீர் வந்த வழியே திரும்பும்.

சென்னையில் 2015-இல் நடந்தது இதுதான். அங்கே இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டிப் போடப்பட்டது. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். இடையில் பெய்த மழையும் அதோடு சேர்ந்தது. விமான நிலையமே குளமானது. டிசம்பர் 6-இல்தான் பயணிகள் சேவை தொடங்கியது. ஆற்றின் வழியில் போய் நின்றால் ஆறு கேட்காது.

அந்த நாட்களில் சென்னை மக்களுக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? அரக்கோணம். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். அதுவும் உலகப் போர்க் காலத்து ஓடுபாதையாகத் தொடங்கி, 1992-இல் கடற்படைத் தளமானது. உளுந்தூர்பேட்டைக்கு வயதில் உடன்பிறப்பு.

என் கருத்து இங்கேதான் உறுதிப்படுகிறது. உளுந்தூர்பேட்டைக்குப் பெரிய முனையமும் பளிங்குத் தரையும் முதல் தேவையல்ல. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் மூன்றும் புயலில் மாட்டிக்கொள்ளும் நாளில், கடற்கரையிலிருந்து தள்ளி, திருச்சி–சென்னைச் சாலையும் சேலம் சாலையும் கூடும் இடத்தில் உறுதியான ஓர் ஓடுபாதை இருப்பதே பெரிய பலன். விமானப்படையின் சி-130ஜே போன்ற சரக்கு விமானங்கள் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் பாதையிலும் இறங்க வல்லவை. அரிசி, மருந்து, மீட்புப் படகு எதுவும் அதில் வரலாம். அங்கிருந்து திருக்கோவிலூருக்கோ, மண்சரிவால் சாலை அடைபட்டால் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கோ ஹெலிகாப்டரில் கொண்டுபோகலாம்.

பயணிகள் சேவையைப் பொறுத்தவரை, நாம் பார்க்க வேண்டியது ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். 1993-இல் திறந்தது. பலமுறை சேவை நின்று, கடைசியாக 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஓடுபாதை 1,806 மீட்டர் என்பதால் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே வருகின்றன. விரிவாக்கத்துக்கு சுமார் 570 ஏக்கர் கேட்டபோது அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். விளைநிலத்தை இழப்பவரின் வலி நியாயமானது. அவர்களைக் கேட்காமல் போடும் எந்த விரிவாக்கமும் சரியாகாது.

நம் பக்கம் நிலம் தட்டையானது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் இறங்கி வெள்ளாற்றுக்குப் போகிறது. கெடிலம் கடலூருக்கு ஓடுகிறது. இவற்றுக்கு நடுவே ஏரியிலிருந்து ஏரிக்கு வாய்க்கால் போகும். ஓடுபாதையை நீட்டும்போதும் சுற்றுச்சுவர் எழுப்பும்போதும் அந்த வாய்க்கால்களில் ஒன்று அடைபட்டால், தண்ணீர் பக்கத்து ஊரின் வீடுகளுக்குள் போகும்.

எனவே, உளுந்தூர்பேட்டைக்குத் திட்டம் என்று எப்போது அறிவிப்பு வந்தாலும், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். டிக்கெட் விலையைப் பிறகு கேட்கலாம். முதலில் வரைபடத்தை விரிக்கச் சொல்லி, மழைத்தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த ஏரிக்குப் போகும் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.