உங்களுக்குத் தெரியுமா? அடையாறுக்கு வந்த இத்தாலிய வகுப்பறை

இத்தாலியின் மரியா மாண்டிசோரி, தம் கல்விமுறையைக் கற்றுத்தர 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அழைத்தவர் அச்சபையின் தலைவர் அருண்டேல். ஏறக்குறைய 300 பேர் பயிற்சிக்குக் கூடினார்கள். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேசப் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

அவர் முறையில், அட்டையில் ஒட்டிய உப்புத்தாள் எழுத்தைக் குழந்தை இரு விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழக வேண்டும், எழுதுவது அப்புறம்தான். திண்ணைப் பள்ளி மணலில் விரலால் ‘அ’ எழுதிய ஊருக்கு இது எவ்வளவு நெருக்கமான பாடம்!

1940 ஜூனில் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு மரியோவைக் காவலில் வைத்தது. ஆகஸ்டில், தாயின் 70ஆவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. சில மாதங்களுக்கென வந்த மாண்டிசோரி, கோடைக்கானலிலும் தங்கி, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.