நாயின் உண்ணாவிரதம்

உண்ணாவிரதம் என்றால் அதற்கு ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். கோரிக்கையை ஏற்கக் கூடிய ஒரு மென்மையான எதிர்க்கட்சி இருக்க வேண்டும். முடிவில் விரதத்தை முடித்துக் கொள்ள ஒரு டம்ளர் ஆரஞ்சுப் பழ ரசமும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் வளரும் நாய்கள் இந்த இலக்கணத்தை நன்றாய் அறிந்தவை. மாலை ஏழு மணிக்கு, அதற்கென்றே வாங்கி வந்த உணவை, அதற்கென்றே வைத்திருக்கும் தட்டில் போட்டு, "வாடா கண்ணா!" என்று அழைக்கிறோம். நாய் வருகிறது, முகர்ந்து பார்க்கிறது, நம்மையும் ஒரு பார்வை பார்க்கிறது, பிறகு போய்ச் சாப்பாட்டு மேஜைக்கடியில் படுத்துக் கொள்கிறது. அரை மணி கழித்து வீட்டார் உண்ண உட்கார்ந்ததும், அதே விரதி எழுந்து வந்து ஒவ்வொருவர் முழங்கால் மேலும் மோவாயை வைத்துக் கொண்டு நிற்கிறது. கோரிக்கை இன்னதென்று சொல்ல வேண்டுவதில்லை.

வேடிக்கையாகப் பேசத் தக்க விஷயந்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது ஒரு நாயின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவே ஆகிவிட்டது. அதைச் சொல்லப் புகுமுன் ஓர் எச்சரிக்கை செய்துவிடுகிறேன்.

நேற்று வரையில் நன்றாய்த் தின்று கொண்டிருந்த நாய் இன்று திடீரென்று தட்டைத் தொடவில்லை என்றால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடலாகாது. உண்ணி கடித்து வரும் ஜுரம் நம் பக்கத்தில் சர்வ சாதாரணம்; அதன் முதல் அடையாளங்களில் ஒன்று பசி மந்தம். பல் ஆடினாலும், ஈறு புண்ணாகியிருந்தாலும், நாய் தட்டருகே ஆசையோடு வந்து, வாயில் ஒரு துண்டைக் கவ்விக் கீழே போட்டுவிட்டுப் போகும். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுதும் ஒன்றையுமே தொடாவிட்டால், அல்லது வாந்தியோ சோர்வோ கூடச் சேர்ந்தால், மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். சிறு குட்டியானால் அவ்வளவு நேரங்கூடக் காத்திருக்கக் கூடாது. பிஸ்கோத்து டப்பாவின் சத்தம் கேட்டதும் பறந்து வந்து, சோற்றைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக் கொள்ளும் நாயைப் பற்றியே இங்கே பேச்சு.

அந்த நாயின் பெயர் மணி. வெள்ளைப் பொமரேனியன், எடை எட்டுக் கிலோ. அந்த வீட்டுப் பையன் என்னிடம் கணக்குப் படிக்கிறவன். ஒரு தீபாவளி வாரத்தில் மணிக்கு வீட்டார் எல்லாரும் அன்பைப் பஜ்ஜியாகவும் முறுக்காகவும் வழங்கியதன் பயனாக, அது விடாமல் வாந்தியெடுத்து, முதுகைக் கூனிக் கொண்டு, வயிற்றைத் தொட்டால் முனகும் நிலைக்கு வந்துவிட்டது. கணையம் வீங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். நாய்களுக்கு எண்ணெய்ப் பண்டமும் கொழுப்பும் மிகுந்தால் இந்த வியாதி வரக் கூடும். கடுமையாக வந்தால் உயிரையே வாங்கிவிடும். நாலு நாள் ஊசியிலும் உப்பு நீரிலும் கிடந்து மணி பிழைத்து வந்தது. "இனிமேல் கொழுப்புக் குறைந்த இந்த உணவு ஒன்றுதான். இன்னொரு முறை வந்தால் நான் பொறுப்பல்ல" என்று சொல்லி அனுப்பினார் வைத்தியர்.

மணியோ அந்த உணவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பையன் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "ஸார், மணி ஒன்றுமே சாப்பிட மாட்டேன் என்கிறது. அம்மா அழுகிறாள்" என்றான். ஒன்றுமே சாப்பிடாத நாய் வாசலில் காக்கையைத் துரத்துவதை அன்று காலைதான் நான் பார்த்திருந்தேன். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தது முதல் இரவு வரையில் அதன் வாய்க்குள் என்னென்ன போகிறதோ, யார் கொடுத்தாலும், ஒன்று விடாமல் எழுதிக் கொண்டு வா" என்றேன்.

திங்களன்று கொண்டு வந்தான். காலை ஆறு மணிக்குத் தாத்தா தம் காபிக்கு முன்னால் ஊற்றிய பால், 150 மில்லி. எட்டு மணிக்கு ஒன்றரை இட்லி. பத்து மணிக்கும் நாலு மணிக்குமாக ஐந்து மேரி பிஸ்கோத்து. மத்தியானம் தயிர் சாதம், இரண்டு பெரிய கவளம். சாயங்காலம் பாதி உளுந்து வடை. அதைக் கொடுத்தவர் யார் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தான்.

இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். பால் சுமார் 95 கலோரி, இட்லி 75, பிஸ்கோத்து 110, தயிர் சாதம் 150, வடை 60, ஆக 490. நாயின் எடையை வைத்து அதற்கு வேண்டிய உணவைக் கணக்கிட வைத்தியர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி வீட்டோடு கிடக்கும் எட்டுக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 530 கலோரி போதும். தட்டில் வைத்த உணவுக்கு மணியின் வயிற்றில் மிச்சமிருந்த இடம் 40 கலோரி! நொறுக்குத் தீனி மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது வைத்தியர்கள் சொல்லும் விதி. மணிக்கு அது ஒரு இட்லியோடு தீர்ந்துவிடும்.

அந்த வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும், "நான் ஒரு துளிதானே கொடுத்தேன்" என்றார்களாம். ஒருவர் சொன்னதும் பொய்யல்ல.

இதில் மணியின் மேல் குற்றம் எதுவுமில்லை. அது கற்ற பாடத்தை ஒப்பித்தது, அவ்வளவே. தட்டை மறுத்தால் இட்லி வரும். இட்லியையும் சற்று யோசித்தால் அதன் மேல் நெய் வரும். இத்தனை ஒழுங்காகப் பரிசு கொடுத்துச் சொல்லித் தந்தால் என் வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்காரன் கூடப் பாடத்தை மறக்க மாட்டான். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஒன்பது நாள் கண்டிப்பாயிருந்து பத்தாம் நாள் மனமிரங்கி ஒரு துண்டு கொடுத்தோமானால் பாடம் மறப்பதற்குப் பதில் இன்னும் ஆழமாகப் பதிகிறது. எப்போதோ ஒரு தடவை கிடைக்கும் பரிசுக்காக நாயும் மனிதனும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள்; லாட்டரிச் சீட்டு விற்பனை அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

கெஞ்சுவதாலும் பயனில்லை. ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்றவர், இதை நாய்களிடமே ஆராய்ந்தார். நாய் ஆவலோடு உணவை மெல்லும்போது, அந்த உணவு வயிற்றை எட்டாதபடி செய்திருந்தாலும், வயிற்றில் ஜீரண நீர் தாராளமாய்ச் சுரந்தது. நாய் அறியாமலே உணவை நேராக வயிற்றில் செலுத்தியபோதோ அப்படிச் சுரக்கவில்லை. பசியும் ஆசையுமே ஜீரணத்தின் முதற்படி என்று அவர் கண்டார். வாயைத் திறந்து திணிக்கும் தாய்மார்கள் இதைச் சற்றுச் சிந்திக்கலாம். நாய்க்கு மட்டும் சொல்லவில்லை.

அந்த ஆசையை எழுப்புவது நாக்கு அல்ல, மூக்கு. மனிதன் நாவில் ருசி அரும்புகள் சுமார் 9,000. நாய்க்குச் சுமார் 1,700 தான். ஆனால் வாசனை அறியும் அணுக்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 10 கோடி முதல் 30 கோடி வரை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவுக்கு வாசனை இல்லை. நாயின் கணக்கில் அது உணவே இல்லை. வெந்நீர் தெளித்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்தால் அதே உணவு மணக்கத் தொடங்கும். வாங்கி மாதக்கணக்காய்த் திறந்து கிடக்கும் பையில் கொழுப்பு சிக்கடித்துப் போவதும் நம் மூக்குக்குத் தெரியாமல் அதற்குத் தெரிந்துவிடுகிறது. சில நாய்களுக்கு எவர்ஸில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் 'கிறீச்' என்று நகர்வதே பயம். அடியில் ஒரு கோணித் துண்டைப் போட்டதும் விரதத்தைக் கைவிட்டவை உண்டு.

மணியின் வீட்டார் வைத்தியரைக் கேட்டுக் கொண்டு காரியத்தில் இறங்கினார்கள். நாள் ஒன்றுக்கு வேண்டிய உணவைக் காலையில் தராசில் நிறுத்து எடுத்து வைப்பது. ஏழு மணிக்கு ஒரு தரம், இரவு ஏழு மணிக்கு ஒரு தரம் தட்டில் வெந்நீர் தெளித்து வைப்பது. யாரும் பக்கத்தில் நின்று தாலாட்டுப் பாடாமல் விலகிப் போவது. இருபது நிமிஷம் கழித்துத் தின்றாலும் தின்னாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுவது. அடுத்த வேளை வரையில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. புதிய உணவுக்கு மாற்றும்போது பழையதோடு கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டி ஏழு முதல் பத்து நாளில் மாற்றுவதே பொதுவான முறை. மணிக்குப் பழைய உணவு என்பது பஜ்ஜியும் வடையுமாகையால், முதல் சில நாளைக்கு வெறும் குழைந்த சாதத்தில் கலந்து கொடுக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார்.

இதில் எதுவும் கஷ்டமில்லை. கஷ்டம் தாத்தாவிடம் இருந்தது.

பாட்டி காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பகலில் மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போனால் அவருக்குத் துணை மணிதான். நான் ஒரு மாலை போயிருந்தபோது, "வாத்தியார் ஸார், நீங்கள் கலோரி என்கிறீர்கள். அது என் முகத்தையே பார்த்துக் கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படி விழுங்குவது?" என்றார். இந்தக் கேள்விக்குப் பாவ்லவிடமும் பதில் கிடையாது.

வழி கண்டுபிடித்தவள் மருமகள். காலையில் நிறுத்து எடுத்த உணவிலிருந்தே நாலில் ஒரு பங்கைச் சின்ன சம்புடத்தில் போட்டு மாமனாரிடம் கொடுத்தாள். "அப்பா, இது உங்கள் பங்கு. எப்போது வேண்டுமானாலும் உங்கள் கையால் கொடுங்கள், தட்டில் அவ்வளவும் குறைத்துத்தான் வைக்கிறேன்" என்றாள். பெரியவர் முதலில் அந்தச் சம்புடத்தை மருந்துப் பொட்டலம் போலப் பார்த்தார். முதல் நாள் காலை மணி தட்டையும் தொடவில்லை, சம்புடத்தையும் தொடவில்லை. இரவில் இரண்டு வாய் தின்றது. பெரியவர் அன்று தூங்கவில்லை. விளக்கைப் போட்டுக் கொண்டு இரண்டு தரம் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாராம். மறுநாள் காலை பாதித் தட்டு. அன்று இரவு தட்டை நக்கித் தரையையும் நக்கிற்று. அதற்கு மேல், தாம் சாப்பிடும் வேளையில் மணியைக் கொல்லையில் கட்டும்படி அவரே சொல்லிவிட்டார். "அது பார்த்தால் என் கை நான் சொல்வதைக் கேளாது" என்றார். இரண்டு வருஷமாக மணிக்கு அந்த வலி மறுபடி வரவில்லை.

நம் சமையலறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சோற்றில் குழம்பை ஊற்றி நாய்க்கு வைப்பது நம் வழக்கம். நாய்க்குச் சோறு ஆகாது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஸ்வீடன் தேசத்து உப்ஸாலா சர்வகலாசாலையார் 2013-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மாவுச் சத்தைச் செரிக்கச் செய்யும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான்; நாய்க்கோ 4 முதல் 30 வரை உண்டு. மனிதனோடு கூடி வாழ்ந்து அவன் சாப்பாட்டுக்குப் பழகிய பிராணி அது. ஆனால் சோறு மட்டும் போதாது. முட்டையோ மாமிசமோ, புரதம் நிறைந்த வேறொன்றோ கூட இருக்க வேண்டும். ஊற்றும் குழம்புதான் ஆபத்து. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கின்றன. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது நெடுநாளாய்த் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாய் இருக்கலாம் என்று அண்மையில் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2022-ல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். "எங்கள் பாட்டி வீட்டு நாய் ரசஞ்சாதம் தின்று பன்னிரண்டு வருஷம் இருந்ததே!" என்று நேயர்கள் சொல்லக் கூடும். இருந்திருக்கும். இருக்காமற் போன நாய்களின் கணக்கை யாரும் வைத்துக் கொள்ளவில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கென்று விற்கும் சில மிட்டாய்களிலுள்ள ஸைலிட்டால் என்ற இனிப்பும் நாய்க்குக் கொடிய விஷம்.

கடைசியாக, 'பட்டினி கிடந்து இளைத்துப் போயிற்றே' என்ற கவலை. இது பெரும்பாலும் பக்கத்து வீட்டு லாப்ரடாரைப் பார்த்து வருவது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் பழுது இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2016-ல் கண்டார்கள். அதற்குப் பசி தீருவதே இல்லை. அதை உதாரணமாய் வைத்துக் கொள்வது நியாயமல்ல. 2002-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாய்த் தின்றவை மற்றவற்றைவிடச் சராசரியில் ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகம் வாழ்ந்தன. நம் சிப்பிப்பாறை நாயோ பிறப்பிலேயே ஒட்டிய வயிறும் எண்ணத் தக்க விலாவுமாய், ஓடுவதற்கென்றே அமைந்தது. அதைப் பொமரேனியனைப் போல் உருண்டையாக்க நெய்ச் சோறு ஊட்டுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

மெலிவா, அளவா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். அடர்ந்த மயிர் கண்ணை ஏமாற்றும். கையை விரித்து வைத்துக் கொண்டு மறு கையால் புறங்கையின் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போதும் அப்படியே இருந்தால் அளவு சரி. முஷ்டி பிடித்த கணுக்களைப் போல் துருத்திக் கொண்டிருந்தால் உணவு போதவில்லை. உள்ளங்கையைப் போல் மெத்தென்று எலும்பு அகப்படாமல் இருந்தால், தட்டில் வைத்தது கிடக்கட்டும், மேஜைக்கடியில் யார் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்க்கலாம்.